சபாலிக்கு ஊதுபத்தி

சேகு நகரில் ஜூமானா திராவோரேயிடம் முடி வெட்டிக்கொள்ளப் போனால், பாதித் தலை முடிவதற்குள் இரண்டு தேசமாவது பார்த்துவிட்டு வரலாம். கடையின் சுவர் தெரியாதபடி படம் போட்ட தபால் அட்டைகளை ஒட்டி வைத்திருந்தார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பியது பாதி. மீதி, அட்டை சேர்க்கிறவர்களின் முகவரி போட்ட பழைய பத்திரிகை ஒன்றை வைத்துக்கொண்டு அவராகவே எழுதி எழுதி வரவழைத்தது. மனிதர் தலைநகர் பமாகோவைத் தாண்டி ஓர் எட்டு வைத்ததில்லை. ஆனால் சுவிட்சர்லாந்துக்காரன் வந்து உட்கார்ந்தால் அவனுக்கே சுவிட்சர்லாந்தைச் சொல்லிக்கொடுப்பார்.

"அங்க மாட்டுக்குத்தான் மணி கட்டுவாங்க, மனுசனுக்குக் கிடையாது. ஏன் சொல்லு? மனுசன் சொன்ன நேரத்துக்குத் தானா வந்துடுவான்" என்பார். அவர் கணக்கில் ஒல்லாந்தில் மரச்செருப்பு போடாமல் யாரும் தெருவில் இறங்குவதில்லை. கிரீஸ்காரர்களுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் பூனை வளர்ப்பதும்தான் வேலை. கையில் சவரக்கத்தியோடு நிற்கிறவரிடம் யார் மறுத்துப் பேசுவார்கள்?

ஒருத்தி பேசுவாள். கடை வாசலில் அடுப்பு வைத்துப் பயற்று வடை சுடும் நியெலே ஜாரா. ஜாராக்களுக்கும் திராவோரேக்களுக்கும் கேலிமுறை. குடும்பப் பெயரைக் கேட்ட நிமிடத்தில் தொடங்கிவிடும். நீ என் அடிமை என்பார்கள், பயறுதின்னி என்பார்கள், சாவு வீட்டில்கூட விடமாட்டார்கள். கேலிக்கு ஆளானவன் கோபப்படக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். கோபப்பட்டால் ஊர் வாய்க்கு அவன்தான் அவல். மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்குக் கால்தூசி. நாள் முழுக்கப் பயற்று வடை விற்றுவிட்டு, அதில் தினம் நாலு வாங்கித் தின்கிற மனிதரையே பயறுதின்னி என்று கூப்பிட நியெலேவுக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது.

அந்த டிசம்பரில் ஜூமானா தொடர்ந்து மூன்று நாள் எந்த நாட்டைப் பற்றியும் பேசவில்லை. நியெலேவுக்கே பொறுக்கவில்லை.

"என்னய்யா பயறுதின்னி, உலகம் தீந்துபோச்சா? சத்தத்தையே காணோம்."

"ஜப்பான்காரரு வராருடி."

"யாரு? நம்ம ஒட்டகத்தை நலம் விசாரிப்பாரே, அவரா?"

"மெதுவாப் பேசு, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

மெதுவாகப் பேசி மறைக்க ஒன்றுமில்லை, தெருவுக்கே தெரிந்த கதைதான். ஒகிமுரா என்பவர் ஜப்பானில் ரயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு வருடமாக ஜூமானாவோடு அட்டை மாற்றிக்கொள்கிறார். அவர் அனுப்புவதெல்லாம் உச்சியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரே மலை. ஜூமானா பதிலுக்கு அனுப்ப, ஓட்டலுக்குப் பக்கத்துக் கடையில் கிடைப்பது மூன்றே வகைப் படம்தான். முகமூடி ஆட்டம், மலைச்சரிவுக் களஞ்சியம், இல்லையென்றால் ஒட்டகம். எல்லாம் எங்கேயோ வடக்கிலும் கிழக்கிலும் எடுத்தவை. சேகுவின் படம் ஒன்றுகூட அங்கே விற்றதில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஒட்டகத்தை அனுப்பினார். 'இந்த ஒட்டகம் தங்களுடையதா?' என்று பதில் வந்தது. இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தார். ஆனால் கேட்டவருடைய ஆசை அந்தக் குண்டு குண்டுக் கையெழுத்திலேயே தெரிந்தது. ஆமாம் என்று எழுதிவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். அடுத்த அட்டை ஒட்டகத்தின் பெயரைக் கேட்டது. சபாலி என்று வைத்தார். சபாலி என்றால் பொறுமை. அதிலிருந்து ஒவ்வொரு அட்டையிலும் 'சபாலி நலமா?' என்று வரும். ஜூமானாவும் சளைக்கவில்லை. சபாலிக்குப் பல்வலி வந்தது. பக்கத்து வீட்டுக் கோரைப்பாயைத் தின்றது. கல்யாண ஊர்வலத்தில் நடுத்தெருவில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளையே இறங்கித் தள்ளியும் எழுந்திருக்கவில்லை. இத்தனைக்கும் ஜூமானாவிடம் ஒரு கோழிக்குஞ்சுகூடக் கிடையாது. சேகு தெருவில் கழுதை வண்டி போகும், மொபெட் போகும். ஒட்டகம் ஒன்று வந்தால் ஊரே வேடிக்கை பார்க்க ஓடும்.

இப்போது ஒகிமுரா, ஜனவரி கடைசியில் நேரில் வருகிறேன், சபாலியைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"அதுக்கு நீ என்ன பண்ணினே?" என்றாள் நியெலே.

ஜூமானா தலையைக் குனிந்துகொண்டார். "சாகடிச்சுட்டேன்."

"அடப்பாவி!"

"நேத்துதான் அட்டை போட்டேன். நோவு நொடி இல்லாம, ஆத்தைப் பாத்தபடி படுத்துச்சு, அப்புறம் எந்திரிக்கவே இல்லைன்னு எழுதினேன்."

நியெலே கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சட்டியில் வடை கருகும்வரை சிரித்தாள். "உன் ஒட்டகம் எவ்வளவு நெசமோ அவ்வளவுதான்யா உன் சுவரும். ஒல்லாந்துக்காரன் காலுல என்ன போடுறான்னு அவன் பொண்டாட்டியக் கேட்டாத்தான் தெரியும். உன்னை மாதிரி எவன் கடையில கிடைச்சதை வாங்கி அனுப்பினானோ!"

ஜூமானாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கவலை வேறு. "நானூத்திப் பன்னெண்டு அட்டை இருக்கு நியெலே. பாதிப் பேரு முகவரிக்குக் கீழே பேரு மட்டும் போடுறான். நலமா இருக்கியான்னு கேட்டு வர்றது இவரோடது ஒண்ணுதான். நான் பொய்யன்னு தெரிஞ்சா அடுத்த அட்டை வராது. நீ மட்டும் வாயை மூடிக்கிட்டு இரு, போதும்."

"ஜாரா வாயை மூடிக்கிட்டா திராவோரேவுக்கு யாரு புத்தி சொல்றது? போ, பாப்போம்" என்றாள் அவள். அந்த 'பாப்போம்' அவரை ஒரு மாதம் தூங்கவிடவில்லை.

ஒகிமுரா சொன்ன தேதியில் வந்து இறங்கினார். ஜூமானா சொல்லிவைத்தபடி பட்டு அங்கியும் விசிறியும் எதிர்பார்த்து நின்ற தெருவுக்குப் பெருத்த ஏமாற்றம். ஏகப்பட்ட பைகள் வைத்த சட்டையும் துணித்தொப்பியுமாக, ஜூமானாவின் தோளுக்குக்கூட எட்டாத சின்ன மனிதர். அவர் இடுப்பை வளைத்து வணங்கினார். இவரும் வளைத்தார். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் ஐந்தாறு முறை வளைந்ததில் நியெலேவுக்கு அன்றைய பொழுது நன்றாகவே போனது.

ஒகிமுராவின் பிரெஞ்சு வானொலிப் பாடத்தில் கற்றது. சுற்றி வந்து நின்ற பொடியன்களைக்கூட ஐயா என்றுதான் கூப்பிட்டார். கடை வாசலில் கரி அடுப்பில், வழக்கப்படி மூன்று சுற்றுத் தேநீர் கொதித்தது. கசக்கும் முதல் கோப்பையை முகம் சுளிக்காமல் குடித்தார். இரண்டாவது கோப்பை கைக்கு வந்தபோது பையைத் திறந்து, வெள்ளைத் தாளில் சுற்றிய ஒரு கட்டு ஊதுபத்தியை எடுத்து மடியில் வைத்தார்.

"ஐயா, உங்க அட்டை கிடைச்சுது. சபாலியைப் புதைச்ச இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?"

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஜூமானா சொல்லவில்லை. "வாங்க" என்று எழுந்தார். ஆற்றங்கரையில் செங்கல் அறுக்கிறவர்கள் குவித்த மண்மேடு ஒன்று உண்டு. கால் தானாக அந்தப் பக்கம் நடந்தது. பின்னால் ஊதுபத்தியோடு ஒகிமுரா, அவருக்குப் பின்னால் தெரு முழுக்க.

மேடு கண்ணில் படும் தூரத்தில் நியெலே முந்திக்கொண்டு ஓடி, பாதைக்குக் குறுக்கே சவம் மாதிரி நீட்டிப் படுத்துவிட்டாள்.

"நில்லுங்க! திராவோரே வீட்டுச் சாவு. ஜாராவுக்கு முறை செய்யாம எவன் தாண்டுறது?"

நிஜச் சாவிலும் ஜாராக்கள் இப்படித்தான் பாடையை மறிப்பார்கள் என்பதால், தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒகிமுரா மட்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"இந்த விருந்தாளிக்கு இங்க என்ன வீட்டுப் பேரு?" என்று படுத்தபடியே கேட்டாள்.

விருந்தாளிக்குப் பெயர் கொடுப்பது விருந்து வைக்கிறவரின் உரிமை. ஜூமானா வாயைத் திறப்பதற்குள் அவளே கத்தினாள். "ஜாரா! இவரு ஜாரா. வச்சாச்சு!"

"ஏய், என் வீட்டு விருந்தாளிடி! திராவோரேதான்!"

"சோத்தை நீ போடு. பேரை நான் வச்சுட்டேன்." எழுந்து உட்கார்ந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, சந்தை பிரெஞ்சில் ஒகிமுராவிடம் சொன்னாள். "கேட்டுக்குங்க. இன்னைக்கு முதல் நீங்க எங்க ஜாரா. இந்த ஆளு உங்க அடிமை. பயறுதின்னின்னு கூப்பிடலாம். ஆனா இவன் என்ன செஞ்சிருந்தாலும், எவ்வளவு பெரிய பொய் சொல்லியிருந்தாலும், கோபப்படக் கூடாது. கோபம் வந்தா நீங்க ஜாரா இல்ல. சம்மதமா?"

அப்போதுதான் ஜூமானாவுக்கு உறைத்தது. இவள் கேலிக்குப் படுக்கவில்லை, அவருக்கு வழி விடத்தான் வழியை மறித்திருக்கிறாள். 

ஒகிமுரா கொஞ்சம் யோசித்துவிட்டு இடுப்பை வளைத்தார். "சம்மதம்."

"ம், பயறுதின்னி. இப்பத் திற வாயை."

ஜூமானா சொல்லிவிட்டார். ஒட்டகம் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, பல்வலியும் பாயும் கல்யாண ஊர்வலமும் முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவை என்று. சொல்லிவிட்டு, ஒகிமுராவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒகிமுரா சட்டைப் பைகளில் ஒன்றிலிருந்து அட்டைக்கட்டு ஒன்றை எடுத்தார். "ஐயா, ஒன்பது அட்டை. முதல்ல சபாலி வெள்ளை. அடுத்ததுல பழுப்பு. மூணாவதுல ஒரு காது கிழிஞ்சிருக்கு, நாலாவதுல காது சரியாயிடுச்சு. முப்பத்தொரு வருசம் டிக்கெட் சோதிச்சவன் நான். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா நலம் விசாரிச்சீங்க?" என்றார் ஜூமானா.

"என் மனைவி சுமியே மூணு வருசம் படுக்கையில இருந்தா. ஒட்டகத்துக்கு இந்தத் தடவை என்ன ஆச்சு, கேளுங்கன்னுவா. பல்வலி அட்டை வந்தப்போ ரெண்டு வாரம் நினைச்சு நினைச்சுச் சிரிச்சா. அவளுக்கும் தெரியும்." நிறுத்தி, தொப்பியைக் கையில் திருகினார். "செப்டம்பர்ல போயிட்டா. உங்களுக்கு நான் எழுதல. எழுதினா ஒட்டகச் சேதி நின்னுடுமோன்னு பயம். அப்புறம் உங்க கடைசி அட்டை வந்துது. நோவு இல்லாம, ஆத்தைப் பாத்தபடின்னு எழுதியிருந்தீங்க. அதை அவ படத்துக்கு முன்னால வச்சுப் படிச்சேன். இந்த ஊதுபத்தி ரெண்டு பேருக்கும்தான்."

ஜூமானா அழுதார். யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டே அழுதார். பொய்யிலிருந்து தப்பிக்க அவசரமாகக் கிறுக்கிய ஒரு வரியை, அவ்வளவு தூரத்தில் ஒரு மனிதர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். நியெலே தோள் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வடை சட்டிப் புகை என்றாள். சட்டி அரை மைல் தள்ளி இருந்தது.

தக்காளி டின் ஒன்றில் ஆற்று மணலை நிரப்பி, தண்ணீர் ஓரமாக வைத்துப் பத்தி கொளுத்தினார்கள். எரிந்து முடிந்ததும் ஒகிமுரா திரும்பி, குனிந்து வணங்கி, பயபக்தியோடு சொன்னார். "மதிப்புக்குரிய பயறுதின்னி ஐயா, மிக்க நன்றி."

தெரு கொல்லென்று சிரித்தது. ஜூமானாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். அன்று சாயங்காலம் புது ஜாரா பதினொரு பயற்று வடை தின்றார். ஒன்றுவிடாமல் எண்ணி, அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போன ஜூமானாவுக்கு இத்தனை வருடக் கேலிக்கும் சேர்த்துப் பழி தீர்ந்தது.

ஏப்ரலில் அடுத்த அட்டை வந்தது. மலை இல்லை. வீட்டில் எடுத்த புகைப்படத்தின் முதுகில் தபால்தலை ஒட்டியிருந்தது. குறுகலான ஒரு தெரு, மின்கம்பம், சைக்கிள் பழுதுபார்க்கும் கடை, வாசலில் காய்கிற துண்டு. பின்னால் குண்டு குண்டு எழுத்தில், 'பயறுதின்னிக்கு. என் சன்னலிலிருந்து தெரிவது இதுதான். மலை நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. தங்கள் சன்னலிலிருந்து என்ன தெரிகிறது? இப்படிக்கு, ஜாரா.'

ஜூமானா அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினார். நாற்காலியில் இருந்தவர் கழுத்தை நீட்டிப் பார்த்து, ஜப்பான் எப்படி என்று கேட்டார்.

"ஜப்பான்ல..." என்று கத்தியை உயர்த்திய ஜூமானா நின்றுவிட்டார். வாசலில் நியெலே கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி காத்திருந்தாள்.

"ஜப்பான்ல ஒருத்தரு சன்னலைத் திறந்தா சைக்கிள் கடை தெரியும்."

"மத்தவங்க சன்னல்ல?"

"தெரியாதுப்பா" என்றார் ஜூமானா. "கேட்டு எழுதணும்."