தேவியின் வேகம்

போடிமெட்டில் இடித்துக்கொண்டிருந்த எஸ்டேட் பங்களாவிலிருந்து ஜீப் ஓட்டும் பால்ராஜ் அந்த இசைத்தட்டைக் கொண்டுவந்தான். ஜீப்பில் பழைய சாமான் லோடு ஏற்றும்போது கிடைத்ததாம். உறையின் மேல் ஏலத்தோட்டத்துப் பெண்கள் வரிசையாக நிற்கும் படம். ஓரத்தில் சிரித்துக்கொண்டிருந்தவள் தேவி. சந்திரவல்லியின் அக்கா.

சுருளிவேல் உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோதும் இறக்கவில்லை.

தேவி அவருடைய முதல் மனைவி. காய் எடுக்கும்போது பெண்கள் பாடும் பாட்டை மதுரையிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்து பதிந்துகொண்டு போனார்கள். தட்டு அச்சாகி வருவதற்குள், ஆள் ஏற்றிப்போன ஜீப் வளைவில் உருண்டது. தேவி போய்விட்டாள். வருசம் திரும்புவதற்குள் சந்திரவல்லியை அவருக்கே கட்டிவைத்தார்கள். அக்காவின் சேலைகளை அவள்தான் கட்டிக் கிழித்தாள்.

தட்டைப் போட வீட்டில் எதுவும் இல்லை. பால்ராஜ் போனில் பார்த்துச் செய்தான். பழைய ஜீப் பேரிங் ஒன்றைப் பலகையில் பதித்தான். அதன் மேல் எவர்சில்வர் தாம்பாளம், தாம்பாளத்தின் மேல் இசைத்தட்டு. காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி நுனியில் தையல் ஊசியைக் குத்தி ஒட்டினான். ஒரு கையால் தட்டைச் சுற்ற வேண்டும். மறு கையால் கூம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"ரொம்பப் போடாதீகம்மா. ஊசி சொரண்டிரும், அப்புறம் வெறும் இரைச்சல்தான். ஞாயித்துக்கெழம தேனிக்குக் கொண்டுபோறேன். அங்க ஒருத்தர்கிட்ட நெசமான மிசினு இருக்கு. போன்ல ஏத்திட்டா எப்ப வேணாலும் கேக்கலாம்."

"அழியாதா?" என்றாள் சந்திரவல்லி.

"நம்ம அழிஞ்சாலும் அது அழியாது" என்று சொல்லிவிட்டு அவன் ஜீப்பை எடுத்தான்.

சந்திரவல்லி சுற்றினாள். தகர டப்பாவில் வண்டு அடைபட்டதுபோல் பெண்களின் குரல் வந்தது. பிறகு எல்லாம் ஓய்ந்து ஒரு குரல் மட்டும் தனியாகப் பாட்டின் ஓர் அடியை எடுத்தது. சுருளிவேல் கையை உயர்த்தினார்.

"வெரசா சுத்தாதடி. பச்சப்புள்ள பாடுற மாதிரி இருக்கு."

கையைத் தளர்த்தினாள்.

"இப்ப ஆம்பளக் கொரலாப் போச்சு. கூட்டு. இன்னுங் கொஞ்சம். ஆங், அதான். அதான் அவ."

அந்த வேகத்தை அவள் கை பழகிக்கொண்டது.

"இத்தன வருசங் கழிச்சும் அவ கொரலு தெரியுதாக்கும்" என்றாள். "எங்கொரலு எப்படி இருக்கும், சொல்லுங்க பாப்போம்."

"ஒனக்கென்ன கொரலு? 'சோறு ஆறுது, எந்திரிங்க.' ஒரே பாட்டுத்தான்" என்று அவர் சிரித்தார்.

மறுநாள் அவர் டீக்கடைக்குப் போயிருந்தபோது அவள் தனியாகச் சுற்றினாள். வேண்டுமென்றே மெதுவாக. அவர் சொன்ன வேகத்துக்குக் கொஞ்சம் கீழே தேவிக்கு அறுபது வயதாகியிருந்தது. தடித்த குரல். பிள்ளை பெற்று, புருசனை ஏசி, இந்த வீட்டிலேயே கிடந்து மூத்த குரல். சந்திரவல்லி வெடுக்கென்று கையை எடுத்துவிட்டாள்.

அன்று சோறு வடிக்கும்போது யாரோ பின்னால் நிற்பதுபோல் இருந்தது. எந்தச் சட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்த யாரோ. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது.

பிறகு அவர் கேட்காமலே போட்டாள். காலையில் போட்டாள். மத்தியானம் போட்டாள். சரிவில் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கும் நேரத்தில் போட்டாள். அவர் வெளியே போனால் கூம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு போட்டாள். ஊசியின் நுனியில் கறுப்பாகத் தூசி சேர்ந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"ஒனக்கும் பிடிச்சுப்போச்சு, பாத்தியா" என்றார் சுருளிவேல்.

"கூடப் பொறந்தவளாச்சே."

முதலில் மற்றப் பெண்கள் போனார்கள். அப்புறம் தேவியின் சொற்கள் நுனியிலிருந்து தேயத் தொடங்கின. வெள்ளிக்கிழமை சொல்லே இல்லை, இழுப்பு மட்டும் இருந்தது.

சனிக்கிழமை மாலை மஞ்சு வாசல்வரை வந்திருந்தது. அவர் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் சுற்றினாள். தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் இரைச்சல். தேவியின் அடி வரவேண்டிய இடம் வந்தது. வெறும் மழை. அந்த இடம் தாண்டியும் மழை. அவளுக்கு உடம்பு லேசானது.

நிமிர்ந்து பார்த்தாள். சுருளிவேலின் விரல் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"என்ன கேக்குது ஒங்களுக்கு?"

"நல்லாக் கேக்குது. இத்தன நாளும் ஒரே எரைச்சல். இன்னைக்குத்தான் தெளிவாப் பாடுறா."

அவள் கூம்பைத் தூக்கினாள். தட்டு தானாகக் கொஞ்சம் சுற்றி நின்றது. விரல் நிற்கவில்லை.

"ஏங்க, நிறுத்திட்டேன். ஒண்ணும் பாடல."

"சும்மா இரு, வல்லி." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "மூச்சு வாங்குறா, பாரு. அடுத்த அடி எடுக்கப்போறா."

சந்திரவல்லி வாயை இறுக மூடிக்கொண்டாள். அடி எடுக்கப்போகிறவளுக்கு வருவதுபோல் நெஞ்சு முட்ட மூச்சு நிறைந்தது. அவள் இழுத்த மூச்சு இல்லை அது.