லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

லேப்டாப் திரையில் பச்சைக் கோடு முக்கால் தூரம் ஓடி அங்கேயே நின்றிருந்தது. யேசுதாஸ் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். செவிலிமேட்டில் மாடியில் ஒரு அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள வாடகை வீடு. அவன் நாற்காலிக்குப் பின்னால் பாயில் வீரபாகு குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்தவன். கம்பெனிச் சட்டையைக் கழற்றியிருந்தான். பேண்ட்டைக் கழற்றவில்லை.

"ரெண்டு மணிக்குள்ள ஆயிடுமாண்ணா?" என்றாள் வீரபாகுவின் மனைவி நதியா. தூங்குகிறவனுக்காகக் குரலைத் தாழ்த்தியிருந்தாள். "இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு தபா லேட்டு. இன்னொரு தபா ஆச்சுன்னா ஐடியையே எடுத்துடுவாங்க."

"ஆயிடும்மா."

சென்னையில் ஒரு புடவைக் கம்பெனிக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். புடவை வாங்க வருகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் தட்டச்சில் பதில் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேர், நான்கு பேர் கேட்பார்கள். கம்பெனி அவளுக்கு தியா என்று பெயர் வைத்திருந்தது. லேப்டாப் அவளுடையது. தவணையில் வாங்கியது.

ஆயுத பூஜைக்குப் பிறகு லேப்டாப் இழுத்துக்கொண்டு ஓடியது. திரையின் மூலையில் மஞ்சள் பெட்டி ஒன்று வந்து வந்து போனது.

"இன்னா எழுதியிருந்துது அதுல?" என்றான் யேசுதாஸ்.

"யார் படிச்சாங்க? நாலு பேருக்கு அடிச்சுக்கினு இருக்கறப்போ அது வந்து குறுக்க நிக்கும். மூடிடுவேன். அந்த மாதிரி பெட்டியத் தொட்டா பேங்க்ல இருக்கறது போயிடும்னு இவருதான் சொன்னாரு."

"பேங்க்ல இன்னா இருக்குது போறதுக்கு?" என்றான் வீரபாகு, கண்ணைத் திறக்காமல்.

"நீ தூங்கு."

யேசுதாஸ் மூங்கில் மண்டபத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். வீரபாகுவோடு பள்ளியில் படித்தவன். வந்து திறந்து பார்த்ததுமே ஒரு புரோகிராம் கண்ணில் பட்டது. பெயரில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அது திரையைப் படம் பிடித்து எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. விசைகளில் அடிப்பதைக் குறித்துக்கொண்டது. கேமராவையும் தன் கையில் வைத்திருந்தது.

"யாரோ வேவு பாத்துக்கினு இருக்காங்கமா. தூக்கிடட்டுமா?" என்று அப்போதே கேட்டிருந்தான்.

"தூக்குண்ணா. கேக்கவே ஒரு மாதிரி இருக்குது."

கோடு ஓடி முடியும் வரை சும்மா இருக்க அவனால் முடியவில்லை. பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து விசைகளுக்கு நடுவே இருந்த தூசியைத் தட்டினான். மெல்லிய துணியால் திரையைத் துடைத்தான். திரைக்கு மேலே, சட்டத்தின் சரிநடுவில், காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருந்தன. அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்தான்.

"இவரு வெச்சதுதான்," என்றாள் நதியா. "வண்டிக்கு, கேஸ் அடுப்புக்கு, டிவிக்கு, ஃபேனுக்கு. ஃபேனுக்கு ஸ்டூல் போட்டு ஏறி வெச்சாரு. விட்டா எனக்கும் பட்டையடிச்சு மாலை போட்டிருப்பாரு."

யேசுதாஸ் சிரித்த மாதிரி தலையசைத்தான்.

"சாப்டியாண்ணா? சாம்பார் இருக்குது."

"ஆயிடுச்சுமா."

மனைவி இறந்த பிறகு அவன் யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

கோடு முடிந்தது. லேப்டாப்பை அணைத்துத் திறந்தான். வேகமாகத் திறந்தது. மஞ்சள் பெட்டி வரவில்லை. நதியா கம்பெனிப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைத் திரையில், இணைப்பு இல்லை என்று வந்தது. வேறு பக்கம் போட்டுப் பார்த்தாள். அதுவும் இல்லை.

"நெட்டு போச்சுண்ணா."

"உன் ஃபோன்ல வருதா?"

அதே வைஃபையில் ஃபோனில் வீடியோ ஓடியது. யேசுதாஸ் எழுந்து ரவுட்டரை அணைத்துப் போட்டான். விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன. லைனில் கோளாறு இல்லை. லேப்டாப்பில் கட்டளை அடிக்கும் கறுப்புப் பெட்டியைத் திறந்து ஏதோ அடித்தான். வெளியிலிருந்து பதில் வந்தது. அப்படியென்றால் லேப்டாப் வெளியே போகிறது. பக்கங்கள் மட்டும்தான் திறக்கவில்லை.

நதியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே கால் ஆகியிருந்தது.

அவன் செட்டிங்ஸில் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தான். ப்ராக்ஸி என்ற இடத்தில் ஒரு விலாசம் இருந்தது. லேப்டாப்பின் சொந்த விலாசம்.

"தோ, இங்கதான்."

"இன்னாண்ணா அது?"

"ரயில்வே கேட்டு மாதிரிமா. நீ எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் அந்தப் புரோகிராம் வழியாத்தான் போவணும்னு வழியத் திருப்பி வெச்சிருக்கான். நாம கேட்கீப்பரைத் தூக்கிட்டோம். கேட்டு மூடியே கெடக்குது."

பொத்தானைத் தள்ளி அதை அணைத்தான். பக்கத்தைப் புதுப்பித்தான். தேடல் பக்கம் வந்தது, செய்தி வந்தது, பட்டுப்புடவை விளம்பரம் வந்தது. நதியா மூச்சை விட்டாள்.

"காபியாவது குடிண்ணா."

"முதல்ல உன் வேலையத் தொற."

ஐடியையும் பாஸ்வேர்டையும் போட்டாள். சக்கரம் சுற்றியது. பிறகு சிவப்பு எழுத்தில் இரண்டு வரி ஆங்கிலத்தில் வந்தது. இந்தக் கணினியில் கண்காணிப்புச் செயலி இல்லை, உள்ளே அனுமதிக்க முடியாது. கீழே அந்தச் செயலியின் பெயர் இருந்தது. யேசுதாஸ் அதைப் படித்தான். கொஞ்ச நேரத்துக்கு முன் அவன் தூக்கி எறிந்த பெயர்.

"கம்பெனிக்காரன் வெச்சதும்மா அது," என்றான்.

நதியா ஃபோனை எடுத்து டீம் லீடர் அபிநயாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"மேடம், லாகின் ஆவ மாட்டேங்குது. வைரஸ்னு நெனச்சு உங்க சாஃப்ட்வேரை எடுத்துட்டோம்."

"அச்சச்சோ. ஏன் நதியா? ஜாயின் பண்றப்ப அக்ரீ குடுத்தீங்களே."

"அது கேமராவுல பாக்கும்னு தெரியாது மேடம். இது என் சொந்த லேப்டாப்பு."

"எல்லாருக்கும் அதான்பா. எனக்கும்தான் இருக்கு. லிங்க் அனுப்பறேன், போட்டுடுங்க." மறுபக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "ஒரு நிமிஷம். உங்களுக்குப் பூஜை லீவுக்கு அப்புறம் அட்டெண்டன்ஸே விழலையே. கேமரா பிளாக்னு காட்டுது. வார்னிங்கா வந்திருக்குமே, மஞ்ச கலர்ல?"

நதியா லேப்டாப்பைப் பார்த்தாள். யேசுதாஸும் பார்த்தான். சந்தனத்தின் நடுவே குங்குமம் வட்டமாக இருந்தது.

"மேடம், பூஜைக்குப் பொட்டு வெச்சது அது. கேமரா அங்க இருக்குதுன்னு யாருக்குத் தெரியும். நான் தெனம் வேலை பாத்தேன். அத்தன பேருக்குப் பதில் அடிச்சிருக்கேன். அதெல்லாம் உங்க கிட்டயே இருக்குமே."

"மெசேஜ் இருக்கு நதியா. நான் இல்லேன்னு சொல்லல. ஆள் இருந்தது தெரியலையே."

"ஆள் இல்லாம மெசேஜ் எப்படி மேடம் போவும்?"

"எனக்குப் புரியுதுபா. சிஸ்டம்தான் மார்க் பண்ணும், என்னால மாத்த முடியாது. அந்த நாளெல்லாம் லீவுதான், சம்பளம் வராது. மெயில் போட்டுப் பாருங்க. இப்ப டைம் ஆவுது, முதல்ல உள்ள வந்துடுங்க. இல்லன்னா இன்னிக்கும் போயிடும்."

ஃபோன் அணைந்தது. தெருவில் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அது இல்லாம உள்ள போவ முடியாதாண்ணா?"

"முடியாதும்மா." யேசுதாஸ் துணியை மடித்தான். பிறகு பிரித்தான். "எடுக்கறதுக்கு முன்னாடி உன் கம்பெனில ஒரு வார்த்தை கேக்கச் சொல்லியிருக்கணும்."

"எடுக்காம இருந்திருந்தா மாசக் கடைசியிலதான் தெரிஞ்சிருக்கும். போடுண்ணா."

அவன் லிங்க்கைத் திறந்து செயலியை இறக்கினான். சம்மதமா என்று கேட்ட இடத்தில் விரலை எடுத்துவிட்டு நகர்ந்தான். நதியா குனிந்து அழுத்தினாள். பச்சைக் கோடு வேகமாக ஓடி முடிந்தது. மஞ்சள் பெட்டி வந்தது. இந்த முறை படித்தாள். கேமராவுக்கு முன் உள்ள தடையை அகற்றவும்.

யேசுதாஸ் கையில் துணி இருந்தது. அவன் அதை நீட்டவில்லை. நதியா கட்டைவிரலால் பொட்டை வழித்தாள். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று விசைகள்மேல் உதிர்ந்தது. விரலில் ஒட்டிய குங்குமத்தை எங்கே துடைப்பதென்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு நெற்றியில் தடவிக்கொண்டாள். சட்டத்தில் சின்னக் கண்ணாடி தெரிந்தது. அதன் பக்கத்தில் வெள்ளை விளக்கு எரிந்தது.

திரை ஓரத்தில் ஒரு சிறு கட்டத்தில் அவள் முகம் வந்தது. அவளுக்குப் பின்னால் பாயில் வெறும் முதுகோடு படுத்திருந்த வீரபாகு தெரிந்தான். இரண்டாவது மஞ்சள் பெட்டி வந்தது. பணியிடத்தில் வேறொருவர் இருக்கிறார்.

அவனை இரவு ஷிப்டுக்கு மாற்றியது பூஜை முடிந்த வாரம். அதிலிருந்து பகலில் அங்கேதான் தூங்கினான்.

"ஏங்க," என்றாள். "ஏங்க, எழுந்திரு. உள்ள போய்ப் படு."

வீரபாகு தலையைத் தூக்கி யேசுதாஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். சிலிண்டரை நகர்த்தும் சத்தம் கேட்டது.

யேசுதாஸ் கேமராவுக்கு எட்டாமல் சுவரோரமாக நடந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். நதியா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. கம்பெனிப் பக்கம் அவளை உள்ளே விட்டது. முதல் ஆள் ஏற்கெனவே காத்திருந்தார். வணக்கம், நான் தியா என்று அடித்தாள்.

கட்டத்தின் ஓரத்தில், சமையலறை வாசலுக்கு வெளியே, இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"காலு," என்றாள், திரும்பாமல்.

பாதங்கள் உள்ளே போயின.