சொல்லிவிட்ட சாமான்கள்

கயிறு இன்னும் அவிழவில்லை, படகுக்கும் இறங்குதுறைக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர் விரிந்து சுருங்குகிறது, விரியும்போது பச்சை, சுருங்கும்போது கறுப்பு, படகுக்குள் நின்று ரொமிலா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், முகத்தை நிமிர்த்தினால் துறையில் நிற்பவர்களைப் பார்க்க வேண்டிவரும், தோளில் பை, பைக்குள் சொந்த ஊரான மட்டக்களப்புக்கு இடமாற்றம் கிடைத்த கடிதம், நெடுந்தீவில் விஞ்ஞானம் படிப்பிக்க வந்து நாலு வருஷமும் எட்டு மாதமும் ஆகிவிட்டது, தை மாதம் அவள் இங்கே இருக்கமாட்டாள், அது பள்ளிக்கூட அதிபருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், மற்றவர்களிடம் நத்தாருக்கு வீட்டுக்குப் போகிறேன் என்றாள், அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

இரண்டு நாளாகக் கடல் கொந்தளித்து படகே ஓடவில்லை, டிசம்பர் இருபத்துநாலாம் திகதி விடிந்த பிறகுதான் அடங்கியது, மகள், கடல் எப்பிடிக் கிடக்கு என்று அப்பா நாளுக்கு மூன்று தடவை போன் எடுத்தார், அம்மா போன பிறகு வரும் இரண்டாவது நத்தார், நீ இல்லாம இந்த ஊட்டுல என்ன நத்தார் மகள், அந்தக் குரலுக்காகத்தான் அவள் மாற்றம் கேட்டு எழுதினாள், கேட்டது கிடைத்தபோது கடிதத்தை நாலாக மடித்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள், அன்றைக்கு ஒட்சிசன் பாடம், பாதியில் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோனது.

இதே துறையில்தான் முதல் நாள் இறங்கினாள், இறங்கியதும் வாந்தி எடுத்தாள், யாருடையதோ ஒரு கை அவள் நெற்றியைத் தாங்கிப் பிடிக்கிறது, கடல் உங்களை ருசி பாத்திட்டுது டீச்சர், இனி ஒண்டும் செய்யாது, அந்தக் கை அன்ரனிற்றா அக்காவுடையது, அன்று முதல் அவளுடைய வீட்டில்தான் ரொமிலாவுக்கு அறை. படகேறுகிறவர்களிடம் சாமான் சொல்லிவிடுவது இந்தத் தீவின் வழக்கம், முதல் விடுமுறையிலேயே வாங்கிவர வேண்டியதை எழுதிய மூன்று தாள் துண்டுகள் அவள் கையில் வந்தன, அவளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது, ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிள் டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள், டீச்சர், மிச்சச் சைக்கிள் பின்னுக்கு வருதோ என்று பஸ் கொண்டக்டர் கேட்டார், பஸ் முழுக்கச் சிரித்தது, அவளும்.

இன்று காலையும் வந்தார்கள், தையல் மெஷினுக்கு ஊசி, லாம்புக்குச் சிமினி, ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஒவ்வொருவரிடமும் ஓம் என்றாள். கடைசியாக வந்தது வினோலா, அன்ரனிற்றா அக்காவின் மகள், ஆறாம் வகுப்பு, பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு அளவு என்று ஒரு வரைபுத்தாளை நீட்டினாள், தாளில் பென்சிலால் சுற்றி வரைந்த அவளுடைய வலது கால், முழுச் சதுரங்களை எண்ணு, பாதிக்கு மேற்பட்டதை ஒன்றாக எடு, குறைந்ததை விட்டுவிடு என்று ரொமிலா இலைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தது அப்படியே அதில் இருந்தது, நூற்று முப்பத்தெட்டுச் சதுர சென்ரிமீற்றர், கீழே, நீங்கள் வரும்போது கால் வளர்ந்திருக்கும், அதற்காக ஆறு சதுரம் கூட்டியிருக்கிறேன். இரண்டு கிழமை லீவுக்குள் எந்தக் கால் ஆறு சதுரம் வளரும் என்று அவள் அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, தாளை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள், இப்போதும் அது கையில் இருக்கிறது, படகுக்காரர் கயிற்றில் கை வைக்கிறார், இந்த நொடி சொன்னால்தான் உண்டு.

அக்கா, நான் இனி வரமாட்டன், எனக்கு மாற்றம் வந்திட்டு. சத்தமாகச் சொல்லிவிட்டாள் போல, படகில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். துறையில் நின்ற அன்ரனிற்றா அக்கா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள். தெரியும் டீச்சர், அதிபர் போன கிழமையே சொல்லிப்போட்டார், நீங்களாச் சொல்லுவியளோ எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். அப்ப ஏன் எல்லாரும் சாமான் சொல்லிவிட்டீங்க? பின்னை என்ன செய்யிறது, வாய்ச்சொல்லை ஆர் நம்புறது, சாமானெண்டால் கொண்டு வரத்தானே வேணும். பக்கத்தில் வினோலா தன் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ரொமிலாவுக்குக் கண்ணை நீர் மறைக்கிறது, தாளிலுள்ள கட்டங்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலங்குகின்றன, அக்கா நிறுத்தவில்லை, பாஸ்குத் திருநாளுக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, வரேக்க உங்கட ஊர்த் தயிர் ஒரு சட்டி, எனக்கு.

கயிறு தண்ணீரில் விழுகிறது, ஒரு முழம் இரண்டாகிறது, நாலாகிறது, இனிச் சுருங்காது, பச்சையும் கறுப்புமாக இருந்தது இப்போது ஒரே வெளிச்சம், அதற்கு மேலாக அவள் ஒரு காலமும் கத்தாத மாதிரிக் கத்துகிறாள், எருமைத் தயிரா அக்கா, பசுத் தயிரா, இயந்திரச் சத்தத்தில் பதில் கேட்கவில்லை, துறையில் சின்னதாகிக்கொண்டே போகும் அன்ரனிற்றா அக்கா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, அகலமாக வளைத்து, கொம்பு காட்டுகிறாள்.