வளைவில் முனகும் வண்டி

தான் வருவது எனக்கு எப்படித் தெரிகிறது என்று ஜீவராஜ் கேட்கும்போதெல்லாம், "மனசு சொல்லிச்சு" என்பேன். சுத்தப் பொய். அவனுடைய காரின் பின்பக்கம்தான் சொன்னது.

டிக்கோயாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். அதற்கு நேர் கீழே ரோட்டில் ஒரு கொண்டை வளைவு. மேலேயிருந்து பார்த்தால் மரங்கள் மறைக்கும், சத்தம் மட்டும் ஏறி வரும்.

ஜீவராஜ் எங்கள் லயத்தில், அதே வீட்டு வரிசையில் வளர்ந்த பையன். கொழும்பில் ரேஸ் கார் பழுதுபார்க்கிற கராஜில் வேலை. தன் பழைய ஜப்பான் காருக்கு மெக்கானிக்கல் லிமிட்டட் ஸ்லிப் டிப்ரன்ஷல் ஒன்றை அவனே பூட்டியிருந்தான். சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் வழுக்கினால் இன்ஜினின் பலமெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய் வீணாகும். இதில் உள்ளேயிருக்கும் இரும்புத் தட்டுகள் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மெதுவாகத் திரும்பும்போதுகூட லேசில் விடாமல் கடக் கடக்கென்று முனகும். அது கேட்டதும் பிள்ளைகளைக் கூட வேலை செய்யும் இசபெல் அக்காவிடம் விட்டுவிட்டு இறங்கி ஓடுவேன். நாள் முழுக்க அவனையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவனுக்கு முகமெல்லாம் பூரிக்கும். நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், அது வேறு கதை.

"எலக்ட்ரோனிக் போடேன்" என்று சீண்டுவேன். "கம்ப்யூட்டர் பாத்துக்குமாம். பிடிக்க வேண்டிய நேரம் பிடிக்கும், விட வேண்டிய நேரம் விடும். ஒன்னைய விடப் புத்தி ஜாஸ்தி."

"அது சென்சாரக் கேட்டுக் கேட்டுப் பிடிக்கும். இது யாரையும் கேக்காது" என்பான். அந்த இரும்புத் தட்டைப் பற்றிப் பேசும்போது அவன் கண்ணைப் பார்க்க வேண்டும். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

பொங்கலுக்கு வந்தவன், துபாயில் ஒரு கராஜில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். எனக்கு வந்ததே கோபம்.

"போய்த் தொல."

"போகாதன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் போகல்ல."

"நான் ஏன் சொல்லணும்?"

ஒரு தேயிலைக் கொழுந்தைக் கிள்ளி எறிந்தான். "சரி. ஏப்ரல் கார் ரேசுக்கு நுவரெலியாவுக்கு வருவேன். அப்ப இங்க வந்து நிப்பேன். ஹோர்ன் அடிக்க மாட்டேன், கூப்பிட மாட்டேன். ஒனக்குத்தான் மனசு சொல்லுமே. நீயா எறங்கி வந்தா டிக்கெட்டக் கிழிச்சிருவேன். வரலன்னா போயிருவேன்."

"பாப்போம்" என்றேன். அன்றைக்கே அவன் நம்பரை ப்ளொக் பண்ணினேன். போனில் கெஞ்சிச் சமாளிக்க வேண்டாம், நேரில் வந்து நிற்கட்டும் என்ற திமிர். வாய்க்குத்தான் திமிர். இறங்கிப் போவதென்று மார்ச் மாதமே முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் முழுக்க என் காது ரோட்டில் கிடந்தது. ஒரு பிள்ளை சிணுங்கினால்கூட எரிந்து விழுந்தேன். நுவரெலியா சீசனுக்கு எத்தனையோ வண்டிகள் போயின, எதுவும் முனகவில்லை. ரேஸ் முடிந்ததாகச் சொன்னார்கள். அப்போதும் நம்பினேன்.

மே மாதம் ஒரு மத்தியானம் கேட்டது, கடக் கடக். பிள்ளைகளுக்குத் திரிபோஷா சத்துமாவை உருண்டை பிடித்த கையோடு, செருப்பில்லாமல் இறங்கி ஓடினேன். அதே கார்தான். கதவைத் திறந்து இறங்கியவர் ஹட்டனில் பேக்கரி வைத்திருக்கிற அன்டன் அண்ணன்.

"பின்னால என்னமோ ஒடையிற மாதிரி இருக்கு தங்கச்சி. பழுது இல்ல, இது இப்பிடித்தான்னு சொல்லித்தான் ஜீவராஜ் எனக்கு வித்தாரு."

"எப்ப?"

"ரேஸ் நேரந்தான். மறுநாள் மொதலாளியோட புதுக் கார்ல என்னைய இந்தப் பக்கம் கூட்டிக்கிட்டு வந்தாரு. அது எலக்ட்ரோனிக். மழையில இதவிட அதுதான் வேகம்னு அவரே ஒத்துக்கிட்டாரு. இதே வளைவுல ஒரு முக்கல் மொனகல் இல்ல."

"இங்க நின்னீங்களா?"

"ஒரு மணித்தியாலம் நின்னோம். அவரு மேலயே பாத்துக்கிட்டு இருந்தாரு. யாரு வரணும்னு கேட்டேன், மணியத்தான் பாத்தாரு. கடைசியில, 'சரிண்ணே, போவோம்'னாரு."

நான் அப்போது மேலேதான் இருந்திருப்பேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம். பழைய காரின் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு, புதுக் காரைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

அங்கேயே நின்று ப்ளொக்கை எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன். உடனே எடுத்தான். பின்னால் ஏதோ மெஷின் இரைந்தது.

"எனக்கு மனசெல்லாம் ஒண்ணும் சொல்லாது ஜீவா. எப்பவும் சொன்னதில்ல. ஒன் டிப்ரன்ஷல் சத்தத்தக் கேட்டுத்தான் ஓடி வருவேன். நீ வேற கார்ல வந்திருக்க. எனக்குத் தெரியாதுடா."

மெஷின் நின்றது.

"ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வச்சிட்டேன், வினோ" என்றான்.

அவனைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அன்டன் அண்ணன் பக்கத்தில் நிற்கிறாரே என்ற வெட்கம்கூட வரவில்லை.

"போகாத ஜீவா" என்றேன்.

அவன் துபாய் போய்ச் சேர்ந்து அதற்குள் இரண்டு வாரம் ஆகியிருந்தது.