பெட்டி திருச்சியில், சில்லு கிளிநொச்சியில்

வவுனியாக் கடைத்தெருவில் அப்புத்துரை முதலில் சொன்ன விலையை அப்படியே கொடுத்துச் சாமான் வாங்கியவர் ஒரேயொருவர்தான். அவர் புதிதாக மாற்றலாகி வந்த தபால்கந்தோர்க்காரர். அவருக்கும் யாரோ அடுத்த நாளே ஊர் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மனிதர் திரும்பி வந்து, முந்தின நாள் தின்று முடித்த பருப்புக்கு நின்று பேரம் பேசிவிட்டுப் போனார்.

அப்படிப்பட்ட அப்புத்துரை தோற்ற இடமும் ஒன்று உண்டு. கலியாணத்துக்கு முந்தி ஒருதடவை தனியாக மதராசுக்குப் போனபோது, எழும்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வாடகைக் கார்க்காரனிடம் தோற்றார். எவ்வளவுக்குத் தோற்றார் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கார்க்காரனின் வெற்றிலைச் சிரிப்பு மட்டும் சில நாட்களில் சோற்றுக் கோப்பைக்குள்ளேயே தெரியும்.

ஆகவே மனைவி கமலாசனி, "பழனி, மதுரை எல்லாம் ஒருக்காப் பாத்திட்டு வருவம்" என்று கேட்கும்போதெல்லாம் அவர் சொல்வது, "அடுத்த வருசம் பாப்பம்." பன்னிரண்டு வருசமாக இதுதான் மறுமொழி.

அந்த வருசம் கமலாசனி சண்டை பிடிக்கவில்லை. முற்றத்தில் மிளகாய் பரப்பிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, இந்த முறையும் இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லிப்போடுங்கோ. இனிமேல் நான் உங்களிட்டை ஒண்டும் கேக்கமாட்டன்."

சத்தம் போடுகிற வாடிக்கையாளரை அப்புத்துரைக்குத் தெரியும். சாமானைத் தூக்கி எறிகிறவரையும், படியிறங்கிப் போகிறமாதிரிப் போய்த் திரும்பிப் பார்க்கிறவரையும் தெரியும். எல்லாரும் திரும்பி வருவார்கள். கையில் எடுத்ததைப் பேசாமல் வைத்துவிட்டு, "சரி" என்று சொல்லிப் போகிறவர்தான் பிறகு அந்தக் கடைப்பக்கமே தலைவைக்கமாட்டார்.

"இந்த முறை போறம்" என்றார். சொன்ன பிறகுதான் கார்க்காரனின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

வழி கடைவாசலிலேயே நின்றது. குளத்து வேலைக்கு வந்து, முடித்துக்கொண்டு சீமைக்குப் போன வெள்ளைக்கார எஞ்சினியரிடம் அவர் மலிவாகத் தட்டிய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானம் பறக்கிறது. மனிதரை ஏற்றுகிற விமானம் மோட்டார் சைக்கிளையும் ஏற்றாதா? சொந்த வண்டியில், பின் சீற்றில் பெண்சாதியோடு இந்தியாவைச் சுற்றினால், எந்தக் கார்க்காரனின் முகத்திலும் முழிக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்து விமானக் கொம்பனிக் கந்தோருக்குப் போனார். அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் நிதானமாக விளக்கினார். பெற்றோலை ஒட்ட வடிக்க வேண்டும். பற்றறியைக் கழற்ற வேண்டும். ரயர்க் காற்றைக் குறைக்க வேண்டும். பெட்டிக்குள் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு நிறை பார்த்து, நிறைக்கு ஏற்ற கூலி.

"சரி, முடிவான விலையைச் சொல்லுங்கோ."

"இதுதான் ஐயா விலை."

"இது முதல் விலை. கடைசி விலை என்ன?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டுப் பார்த்தார். அப்போதும் அப்புத்துரைதான் நின்றார்.

"ரயர்க் காத்தைத் திறந்துவிட்டால் நிறையிலை எவ்வளவு குறைப்பியள்?"

"ஐயா, காத்துக்கு நாங்கள் காசு எடுக்கிறேல்லை."

எல்லாப் பக்கமும் கதவு சாத்தியிருந்தது. ஆனால் எழும்பி வரும்போது அந்த மனிதர் தானாகவே ஒரு யன்னலைத் திறந்துவிட்டார். "பிரயாணிகள் ஆளுக்கு நாற்பத்து நாலு இறாத்தல் சாமான் சும்மா கொண்டுபோகலாம்."

வவுனியா வந்து சேருமட்டும் அப்புத்துரை ரயில் கோச்சியில் தனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தார். யாத்திரைக்குக் கமலாசனியின் தம்பிமார் இரண்டு பேரும் பெண்சாதிமாருடன் வருகிறார்கள். மொத்தம் ஆறு சீவன். ஆளுக்கு நாற்பத்து நாலு இறாத்தல் சும்மா கிடக்கிறது. கோயிலுக்குப் போகிற சனத்துக்கு நாலு சீலையும் இரண்டு வேட்டியும் காணாதா?

பக்கத்துச் சைக்கிள் கடை ஹமீட் நானாதான் வண்டியைக் கழற்றினார். கழற்றக் கழற்ற அவருக்கு முகம் கோணியது.

"தம்பி அப்புத்துரை, நான் வண்டி பூட்டினனான், கழட்டினனான். ஆனால் மாட்டை அறுத்துப் பங்கு போடுறமாதிரி ஒரு வண்டியைப் பங்கு போட்டதில்லை."

"நானா, பெட்டிக்குள்ளை எஞ்சினும் சட்டமும் மட்டும் போகட்டும். மிச்சம் ஆக்களோடை வரும்."

"எந்தச் சாமான் ஆரிட்டை எண்டு எழுதி வையும்."

"எழுதவோ? இந்தக் கடையிலை கடன் வாங்கின அவ்வளவு பேரும் என்ரை மண்டைக்குள்ளை இருக்கினம். ஒரு மோட்டச்சைக்கிள் இருக்காதோ?"

ரயரோடு பின்சில்லும் பெற்றோல் தாங்கியும் கிளிநொச்சியில் வயல் செய்கிற மூத்த மைத்துனர் பரமலிங்கத்தின் வீட்டுக்குப் போயின. முன்சில்லும் ஹாண்டிலும் முல்லைத்தீவு அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருக்கும் இளைய மைத்துனர் தில்லைநாதனின் வீட்டுக்கு. பலாலியில் வைத்துப் பங்கு பிரித்தால் கொம்பனிக்காரன் கண்டுவிடுவான். அவரவர் வீட்டிலேயே உடுப்போடு உடுப்பாக அடுக்கிக்கொண்டு வர வேண்டும் என்பது திட்டம். கமலாசனியின் பங்குக்கு வந்தது முன்லைற். அதைக் கூறைச்சீலைக்குள் சுற்றித் தன் றங்குப்பெட்டியில் வைத்தாள்.

"எனக்குக் கோயில் பாக்கக் கிடைச்சால் காணும்" என்றாள். "நீங்கள் எஞ்சினைத் தலையிலை வைச்சுக்கொண்டு வந்தாலும் சரி."

தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த பாரமில்லாத பெட்டி, எஞ்சினோடும் சட்டத்தோடும் முதல் கிழமையே பலாலிக்குப் போய், அங்கிருந்து பறந்தும் போய்விட்டது. கூலி அவர் நினைத்ததிலும் குறைவு. அப்புத்துரை அந்தக் கிழமை முழுக்கக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சீனி கொஞ்சம் கூடவே நிறுத்துக் கொடுத்தார்.

பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாங்குளத்தில் வீரகத்திப் பெரியப்பா செத்துப்போனார்.

கமலாசனியின் தகப்பனுக்கு மூத்த சகோதரம். தொண்ணூறு வயது தாண்டி, எப்பவோ போயிருக்க வேண்டிய மனிதர். செத்தவீட்டுப் பந்தலுக்குள் அழுகை ஓய்ந்த நேரம் பார்த்துப் பரமலிங்கம் அப்புத்துரையைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான்.

"அத்தான், எங்கள் ரெண்டு பேருக்கும் செத்தவீட்டுத் தீட்டு, துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் கோயில் வாசலும் மிதிக்கேலாது. அக்கா கலியாணம் கட்டிப் போனவ, தலை முழுகினால் சரி. நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ."

"நாங்கள் போறம். சில்லு?"

"என்ன சில்லு?"

"என்ரை பின்சில்லு உன்ரை வீட்டிலையெல்லோ கிடக்குது."

அந்த நேரம் தில்லைநாதனும் வந்து சேர்ந்தான். கச்சேரியில் இருந்து பழகியவன். எதையும் சட்டம் பார்த்துத்தான் பேசுவான்.

"துடக்கு வீட்டிலை இருக்கிற சாமானுக்கும் துடக்குத்தான் அத்தான். யாத்திரைக்குக் கொண்டுபோகேலாது."

"அது என்ரை சில்லடா!"

"சொந்தக்காரன் நீங்கள். இருக்கிற இடம் எங்கடை வீடு."

"அப்ப பெட்டியிலை போன எஞ்சின்?"

தில்லைநாதன் யோசித்தான். "அது பெரியப்பா உயிரோடை இருக்கேக்கை போனது. அதுக்குத் துடக்கில்லை."

"ஒரே மோட்டச்சைக்கிள். பாதிக்குத் துடக்கு, பாதிக்கு இல்லையோ?"

"சட்டப்படி அப்படித்தான்."

பக்கத்தில் சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், மஞ்சள் தண்ணி தெளித்தால் எல்லாம் கழியும் என்றார். இன்னொருவர், இரும்புக்குக் கழியும், ரப்பர் மரத்துச் சாமான், மரத்துக்கு உயிர் உண்டு, அதுக்குக் கழியாது என்றார். அப்படியென்றால் ரயரைக் கழற்றிவிட்டு வெறும் சில்லைக் கொண்டுபோகலாமே என்றார் மூன்றாவது ஆள். கடைசியில் ஐயரையே கேட்டார்கள். அவர் தோளைச் சொறிந்துவிட்டு, "இரும்புக்குத் துடக்கில்லை. ரப்பரைப் பற்றி நான் படிக்கேல்லை" என்று சொல்லித் தட்சிணையோடு எழும்பிப் போனார்.

அப்புத்துரைக்குத் தலை சுற்றியது. எது சுத்தம், எது துடக்கு? தாங்கி இரும்பு, ஆனால் மூடிக்குள் ரப்பர் வளையம் இருக்கிறது. ஹாண்டில் இரும்பு, பிடி ரப்பர். செயின் முழுக்க இரும்பு. அது ஆரிட்டைக் கொடுத்தது? பரமலிங்கத்திடம் கேட்டார், தில்லைநாதனிடம் என்றான். தில்லைநாதனிடம் கேட்டார், பரமலிங்கத்திடம் என்றான். மண்டைக்குள் தேடினால், ஐந்து வருசத்துக்கு முந்தி வெங்காயம் கடனாக வாங்கிய ஆள்தான் வந்து நின்றான்.

தபால்கந்தோருக்கு ஓடி, பெட்டியைத் திருப்பி எடுக்கலாமா என்று யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் போட்டுக் கேட்டார். கண்ணாடிக்காரரின் குரல் அமைதியாக வந்தது. எடுக்கலாம். திரும்பி வர நிறைக்கு ஏற்ற கூலி. அப்புத்துரை ரெலிபோனை வைத்துவிட்டார்.

வீட்டில் கமலாசனி முழுகிவிட்டு ஈரத் தலையோடு நின்றாள்.

"செத்தவீட்டுச் சில்லிலை ஏறி நான் பழனிக்குப் போகமாட்டன். மோட்டச்சைக்கிள் கிடக்கட்டும். பஸ்ஸிலை போவம், ரயிலிலை போவம், இல்லாட்டி நடப்பம்."

"அப்படியே செய்வம்" என்றார் அவர்.

சொன்னாரே தவிர, வெற்றிலைச் சிரிப்பு விடவில்லை. அன்று பின்னேரமே பரமலிங்கத்துக்கு ஆள் அனுப்பினார்: வியாழக்கிழமைக் கோச்சி கிளிநொச்சியில் நிற்கும்போது பின்சில்லோடு பிளாற்பாரத்தில் நில். முன்சில்லைத் திருச்சியில் எங்கேயாவது பழசாய் வாங்கலாம். தாங்கிக்குப் பதிலாகத் தகரப் பேணி ஒன்று வைக்கலாம். மனிதன் ஒன்றை வாங்கவென்று வெளிக்கிட்டால் பாதியையாவது கையில் கொண்டு வர வேண்டும் என்பது அவர் பழக்கம்.

வியாழக்கிழமை வவுனியாவில் கோச்சி ஏறினார்கள். கமலாசனி யன்னலோரம் இருந்தாள். மாங்குளம் தாண்டுமட்டும் வாய் ஓயவில்லை. சிதம்பரத்தில் தங்குவதற்கு மடம் இருக்கிறதாமே, மதுரையில் மல்லிகைப்பூ மலிவாமே, விமானத்துக்குள் வாந்தி வருமாமே. அப்புத்துரை எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றபடி தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்தார்.

கிளிநொச்சிப் பிளாற்பாரத்தில் பரமலிங்கம் நின்றான். துடக்குக்காரன் தொடக்கூடாது என்ற மரியாதையில் சில்லை மட்டும் ஒரு தூணில் சாத்திவிட்டு, எட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அத்தான்! அந்தா சில்லு!"

கமலாசனி சில்லைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

"அது வந்து கமலா, நீர் கோவிக்காதையும். சும்மா கொண்டுபோறது. பழனிக்குப் போகேக்கை ஏறமாட்டம். மற்ற இடங்களுக்கு மட்டும்."

அப்புத்துரை கீழே குதித்துச் சில்லைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே யன்னலைப் பார்த்து விலையைக் குறைத்தார். "சரி, கோயிலுள்ள ஊர் ஒண்டிலும் ஏறேல்லை. கோயிலில்லாத ஊரிலை மட்டும்."

"இந்தியாவிலை அப்படியொரு ஊர் ஆர் கண்டது, அத்தான்?" என்றான் பரமலிங்கம் தூரத்திலிருந்து.

"நீ வாயை மூடு! கமலா, மஞ்சள் தண்ணி வேணுமெண்டாலும் தெளிப்பம். ரயரைக் கழட்டிப்போடுவம். சொல்லும், என்ன வேணும்? என்னவெண்டாலும் கேளும்!"

கமலாசனி மடியிலிருந்த பையைச் சரிசெய்தாள். "சரி" என்றாள். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சத்தமில்லை, கண்ணீரில்லை. கையில் எடுத்த சாமானைப் பேசாமல் வைத்துவிட்டுப் படியிறங்குகிறவரின் அதே "சரி."

கார்ட் விசில் ஊதினார். கோச்சி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. அப்புத்துரை இரண்டு கையிலும் சில்லோடு நின்றார். பெட்டி திருச்சியில், முன்சில்லு முல்லைத்தீவில், செயின் எங்கேயென்று ஆண்டவனுக்கும் தெரியாது. தன் பெண்சாதி இருக்கிற இடம் மட்டும் அவருக்கு வடிவாகத் தெரிந்தது. அது யாழ்ப்பாணப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

சில்லைக் கைவிட்டார்.

அது விழவில்லை. கோச்சி போகிற திசையிலேயே, பிளாற்பாரத்தின் ஓரமாய் உருண்டது. அப்புத்துரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக் கம்பியைப் பிடித்து ஏறியபோது, சில்லு அவரையும் முந்திக்கொண்டு போனது. துடக்கையும் மறந்து பரமலிங்கம், "பிடியுங்கோ, பிடியுங்கோ!" என்று பின்னால் ஓடினான். சனம் வழிவிட்டது. பிளாற்பாரம் முடிகிற இடத்தில் சில்லு பற்றைக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது.

அப்புத்துரை மூச்சு வாங்க வந்து கமலாசனிக்கு எதிரே இருந்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பரந்தன் ஸ்டேஷனும் போயிற்று. நெற்றி வியர்வையைத் துடைக்க, ஹமீட் நானாவின் கடைக்குக் கொண்டுபோன அதே துணிப்பைக்குள் லேஞ்சியைத் தேடினார். கையில் கொழகொழவென்று ஏதோ பட்டது. வெளியே எடுத்தார். செயின்.

திகைத்துப்போய் அதைத் தூக்கிப் பிடித்தார். கிறீஸ் வேட்டியில் சொட்டியது. கமலாசனி ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் செயினை யன்னலுக்கு வெளியே நீட்டி, ஒருதரம் அவளைப் பார்த்து, பிறகு விரல்களை விரித்தார்.

ஆனையிறவில் கோச்சி நின்றது. உப்புக் காற்று அடித்தது. பனையோலைக் கடகத்தில் வறுத்த நிலக்கடலையோடு ஒரு பெண் யன்னலருகே வந்தாள்.

"இஞ்சருங்கோ" என்றாள் கமலாசனி, வெளியே பார்த்தபடியே. "அந்தக் கச்சான் ஒரு சரை வாங்கித் தாங்கோ."

அப்புத்துரை சுருட்டி வைத்திருந்த மடியை அவிழ்த்து, கையில் வந்ததைக் கொடுத்து, மிச்சமும் வாங்காமல் கடதாசிச் சரையை நீட்டினார். விற்றவளே ஒரு கணம் அசந்துபோய் நின்றாள். பிறகு மனிதர் மனம் மாறுவதற்குள் அடுத்த பெட்டிப் பக்கம் ஓடிவிட்டாள்.

கமலாசனி சரையைக் கையில் வைத்து நிறை பார்த்தாள்.

"என்ன வேலை செய்தனீங்கள்? இதுக்கு இவ்வளவு குடுக்கிறதே? இப்படியெண்டால் இந்தியாவிலை எங்களைத் தோலை உரிச்சுப்போடுவாங்கள். அங்கை நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். கார்க்காரனோடை நான் கதைக்கிறன்."

"ஓம் கமலா" என்றார் அப்புத்துரை. நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்தமாதிரி இருந்தது.

அவள் ஒரு கச்சானை உடைத்து வாயில் போட்டாள். திடீரென்று மெல்லுவதை நிறுத்தினாள்.

"அப்ப என்ரை கூறைச்சீலைக்குள்ளை கிடக்கிற லைற்றை என்ன செய்யிறது?"

அப்புத்துரை யோசித்தார். பலாலி வருமட்டும் யோசித்தார். விமானம் கடலுக்கு மேலே போகும்போதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.