மேடு ஏறினால் மேற்கு

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஈரோட்டில் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் வரிசையில் ஒருவன் பக்கத்து இலைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவன் பெயர் தீபக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்துத் தேக்கந்தோப்பு ஒன்றில் நடந்த போட்டியில் மனைவியோடு ஓடினானாம், வழி தவறிவிட்டதாம். "மேப் இவ கையில. அப்பறம் எங்கீங்க போய்ச் சேர்றது?" என்றான். அந்த வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்ல குணத்தால் அல்ல, வாய் நிறையச் சோறு இருந்தது.

அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணும் சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தாள். கை கழுவுகிற இடத்தில் நான் அடுத்த குழாயில் நின்றேன். தண்ணீரைப் பார்த்தபடி, "மேப் என் கையில இல்லீங்க" என்றாள். எனக்குச் சொன்னாளா, குழாய்க்குச் சொன்னாளா, தெரியாது.

கிடைத்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது. கோபத்தை மட்டும் இட்டுக்கட்டத் தேவைப்படவில்லை.

2

முதல் வரிக்கே மூன்று தடவை முட்டிக்கொண்டேன்.

'வனத்தின் மௌனத்தில் அவள் தன்னைத்தானே தேடிக்கொண்டு...' வேண்டாம். அவள் தேடியது போட்டிக்காகக் கட்டிய துணிக்கொடியை. தன்னைத் தேடுகிறவள் அதை வீட்டிலிருந்தே தேடலாம், முள்ளில் கிழிபட வேண்டியதில்லை.

'தொலைந்து போவதும் ஒரு வகையில்...' எந்த வகையிலும் இல்லை.

'மோகனப்பிரியாவுக்கு வரைபடம் படிக்கத் தெரியும்.' இது நிற்கட்டும். இந்தக் கதைக்கு இந்த ஒரு வரி போதும். இதை நம்பாத ஒருவனால்தான் மீதிக் கதை நடக்கிறது.

மோகனப்பிரியா (பெயர் நான் வைத்தது, நிஜப் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை) கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் டிராயிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். கோடுகளைப் பார்த்து இரும்பைக் கற்பனை செய்வது அவள் தொழில். வேலை பார்க்கிற இடத்தில் யாரோ சொல்லி ஓரியன்டீரிங் விளையாட்டுக்குப் போனாள். கையில் ஒரு வரைபடம், கட்டைவிரலில் திசை காட்டும் காம்பஸ். மரங்களுக்கு நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணிக்கொடிகள் கட்டியிருப்பார்கள். வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஓட வேண்டும். ஒரு கொடியிலிருந்து அடுத்ததற்கு எந்த வழி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதை நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

காட்டுக்குப் போறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, நம்ம காட்டுல இப்ப வெள்ளாமை ஒன்னும் இல்லையே என்று அம்மா கேட்டார்கள். எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம். (இந்தத் துணுக்கு கதைக்குத் தேவையில்லை. கோபம் அதிகமாகிவிடுகிறபோது கொஞ்சம் வேடிக்கை காட்டுவது எழுத்தாளர்களின் கெட்ட பழக்கம். விட்டுவைக்கிறேன்.)

அந்த விளையாட்டில் அவளுக்குப் பிடித்தது ஓட்டம் இல்லை. ஓடி முடித்த பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, தாங்கள் போன வழியைச் சிவப்புப் பேனாவால் வரைபடத்தில் வரைவார்கள். எங்கே வழி தப்பினோம், ஏன் தப்பினோம் என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். வீட்டில் ஒரு தப்பு நடந்தால் யார் செய்தது என்று கேட்பார்கள். இங்கே எந்த இடத்தில் என்று கேட்டார்கள். தப்பை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற இடத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

தீபக்கை அங்கே கூட்டிப் போனவளும் அவள்தான். இதைப் பந்தியில் அவன் சொல்லவில்லை.

3

அன்றைய போட்டியில் பணயம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி, அண்ணன் தங்கை என்று இரண்டிரண்டு பேராக ஓடினார்கள். முதல் மூன்று ஜோடிகளிலிருந்து ஒரே ஒருவரைக் கிளப் தேசியப் போட்டிக்கு அனுப்பும். ஜோடியை அல்ல, ஒருவரை. கால் வேகத்தைப் பார்த்து அல்ல, வழி பற்றிய முடிவுகளை யார் சரியாக எடுத்தார் என்று பார்த்து. அந்த இடம் மோகனப்பிரியாவுக்கு வேண்டும். ரொம்ப நாளாக வேண்டும். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவது கொடி வரை வரைபடம் அவள் கையில். மற்றவர்கள் முள்ளுக்குள் நுழைந்து திணறியபோது இவள் வேலி ஓரமாகச் சுற்றிப் போய் முந்தினாள். இவர்கள்தான் முதலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கொடி ஒரு பள்ளத்துக்குள் கட்டியிருந்தது. பள்ளம் என்றால் எங்கள் ஊரில் ஓடை, மழை இல்லாத நாளில் வெறும் மணல். அதற்கு மேற்கே பெரிய மலையின் அடிவாரம். கிழக்கே கரடு என்று நாங்கள் சொல்கிற சின்னக் குன்று, பாறையும் உண்ணிச்செடியுமாக. நான்காவது கொடி மேற்கே ஒரு பாறைக்குப் பின்னால்.

பின்னால் வந்த ஜோடியின் பேச்சுச் சத்தம் கேட்டது. தீபக்குக்குப் பதற்றம். இப்படிப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சுட்டிருந்தா ஆகாது என்று சொல்லி, அவள் கையிலிருந்து வரைபடத்தைப் பிடுங்கினான். ('வாங்கினான்' என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன்.) கண்ணுக்கு எதிரே இருந்த மேட்டில் ஏற ஆரம்பித்தான்.

"ஏறு கண்ணு. மேடு ஏறுதில்ல? அப்ப மேக்குதான்."

இங்கே நான் கதையை நிறுத்தியாக வேண்டும். இந்தத் தப்பை எல்லாராலும் செய்துவிட முடியாது. மேற்கு என்ற சொல்லுக்குள் மேல் இருக்கிறது, கிழக்குக்குள் கீழ் இருக்கிறது. மலையை மேற்கே வைத்துக்கொண்டு பிறந்தவனுக்குக் காம்பஸ் எதற்கு? ஏறினால் மேற்கு, இறங்கினால் கிழக்கு. அவன் கால் ஏறியது, அவன் நாக்கு மேற்கு என்றது. ஏறியதோ கிழக்கே, கரட்டில்.

4

'காலை வெயில் முதுகில் சுட, இருவரும் ஏறினார்கள்' என்று எழுதிவிட்டு ஒரு வாரம் கவனிக்காமல் இருந்தேன். பிறகுதான் உறைத்தது. கிழக்கே ஏறுகிறவர்களுக்குக் காலை வெயில் எப்படி முதுகில் அடிக்கும்? நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே, மேடு என்று எழுதியதும் கை தானாக மேற்கே திரும்பிவிட்டது. அப்படியானால் சூரியன் அவன் முகத்துக்கு நேராக இருந்திருக்க வேண்டும். முகத்தில் வெயில் அடிக்க ஒருவன் மேற்கே போகிறேன் என்பானா? வாசகர் நம்புவாரா?

அதனால் ஆடி மாதத்தை இழுத்துக்கொண்டு வந்தேன். 'வானம் மூடிக் கிடந்தது. சூரியன் இருக்கும் இடமே...'

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் மீதே எனக்கு எரிச்சல் வந்தது. அவனுக்காக நான் எதற்குச் சூரியனை மறைக்கிறேன்? ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அவனுக்குக் குடை பிடிக்கிறார்கள், நானும் ஒரு குடையோடு வந்துவிட்டேன். மேகத்தைக் கலைக்கிறேன். நன்றாக, பளீரென்று, அவன் மூஞ்சியிலேயே அடிக்கட்டும்.

வெய்யில் மூஞ்சில அடிக்குதுங்களே என்றாள் அவள். தொப்பியப் போட்டுக்கோ கண்ணு என்றான் அவன்.

காம்பஸைக் காட்டினாள். அது சைனாக்காரன் மாலு, அதை நம்பி எவன் போவான் என்றான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனிடம் நான்காவது காலை எண்ணிக் காட்டியும் பிரயோஜனமில்லை. அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"ஏனுங்க, இது மேக்குங்களா?"

"ஆமா கண்ணு," என்றான் தீபக். ஏறிக்கொண்டே இருந்தான்.

5

எங்கள் பேச்சு மரியாதைக்குப் பேர் போனது. வெளியூர்க்காரர்கள் வந்து கேட்டுவிட்டு மயங்கிப் போகிறார்கள். திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். நானும் இதைப் பற்றி மேடைகளில் பெருமையாகப் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒரு பெண் தன் வீட்டுக்காரனிடம் 'இது தப்பு' என்று சொல்ல இந்தப் பேச்சில் என்ன வழி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 'தப்புங்க' என்றால் வாய் நீண்டுவிட்டது என்பார்கள். அதனால் அதைக் கேள்வியாக்குகிறாள். 'சோறு பத்துமுங்களா?' என்றால் பத்தாது. 'இந்த மாப்பிள்ளை சரியா வருமுங்களா?' என்றால் வராது. வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே, வேண்டும்போது கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனாலும், நீ வேண்டாம்னு சொல்லலையே என்று சொல்லிவிடலாம். எவ்வளவு வசதி.

இந்தப் பகுதியைப் படித்த என் நண்பன் சசிதர், கதையில் கட்டுரை வந்துவிட்டது என்றான். வரட்டும்.

6

கரட்டு உச்சியில் கொடி இல்லை. திரும்பிப் பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நீலகிரி முழுசாக நின்றது. அவ்வளவு பெரிய மலையைப் பார்த்த பிறகும், மேப்பைத் தப்பாப் போட்டிருக்கானுக என்றான் தீபக். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

வரைபடத்தை அவளிடம் நீட்டினான், சாப்பிட்ட தட்டை நீட்டுவது போல. அவள் வாங்கினாள். இங்கே அவளை நான் அழவைக்கப் பார்த்தேன். 'கண்ணில் நீர் திரையிட...' அவள் அழ மறுத்துவிட்டாள். அவளுக்கு வந்தது கோபம். தாடை வலிக்கிற அளவுக்குக் கோபம். அவன் மீது வந்ததில் பாதி, கேள்வியாகக் கேட்டுத் தொலைத்த தன் நாக்கின் மீதும் வந்தது. அந்தக் கோபத்தோடு கரட்டிலிருந்து இறங்கினாள், பள்ளத்தைத் தாண்டினாள், காம்பஸை மட்டும் பார்த்து ஏறினாள். கொடி பாறைக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் பிறகு எல்லாக் கொடிகளையும் அவளே கண்டுபிடித்தாள். முதலில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் மூன்றாவதாக வந்து சேர்ந்தார்கள். முடிவுக்கோட்டில் வரைபடம் அவள் கையில் இருந்தது. எல்லாரும் பார்த்ததும் அதைத்தான்.

7

வட்டமாக உட்கார்ந்தார்கள். கிளப்பின் பொறுப்பாளர் பாலகோபால், பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நியாயமான மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். அன்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததால், எந்த இடத்தில் என்பதோடு யார் முடிவு என்றும் கேட்டார். தீபக் முந்திக்கொண்டான். வேலி ஓரமாகப் போனது பற்றி, "நான் பாத்தனுங்க சார்" என்றான். பாறைக்குப் பின்னால் இருந்த கொடி பற்றியும் "நான்" என்றான். கரட்டைப் பற்றிக் கேட்டதும், "நாங்க வழி தப்பிட்டமுங்க" என்றான்.

நான், நான், நாங்க. நல்லதற்கு ஒருமை, கெட்டதற்குப் பன்மை. அந்தப் பன்மையும் நாளாக நாளாக மெலிந்து, ஈரோட்டுப் பந்திக்கு வருவதற்குள் 'இவ' ஆகிவிட்டது.

பாலகோபால் அவளைப் பார்த்து, அப்படிங்களாம்மா என்று கேட்டார்.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) அவள் தலையாட்டுகிறாள். தீபக் தேசியப் போட்டிக்குப் போகிறான். இரயிலடியில் அவள் கையசைக்... இதை என் கை எழுதாது.

ஆ) எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக 'ங்க' இல்லாமல் கத்துகிறாள். எல்லாரும் கைதட்டுகிறார்கள். இரண்டு நாள் இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. பிறகு கேட்டுக்கொண்டேன்: அவள் சொல்வதை நம்ப வேண்டுமென்றால் அவள் தன் பேச்சையே ஏன் விட வேண்டும்? அந்த 'ங்க' அவன் வீட்டுச் சீதனமா? அது அவளுடையதும்தான்.

இ) தீபக் தலைகுனிந்து, தப்பு என்னுதுங்க என்று ஒத்துக்கொள்கிறான். சசிதருக்கு இதுதான் பிடித்தது. எனக்குத் தெரிந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் இதுதான் பிடித்தது. கதையிலாவது நல்லவனாகிவிடலாம் என்று ஆசை. கிழித்துப் போட்டேன்.

8

அவள் உட்கார்ந்தபடியே பேசினாள். குரல் உயரவில்லை.

"இல்லீங்க சார். மூணு வரைக்கும் நான் பாத்தனுங்க. மூணுல அவரு மேப்பைப் புடுங்கிட்டாருங்க. கெழக்க ஏறுனாருங்க. காம்பஸைக் காட்டுனனுங்க. இது மேக்குங்களான்னு சொன்னனுங்க."

"அதாங்க சார், கேட்டா. நானும் பதில் சொன்னேன். வேண்டாம்னு சொல்லவே இல்ல," என்று தீபக் சிரித்தான்.

மோகனப்பிரியா பாலகோபாலை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அது கேள்வி இல்லீங்க," என்றாள்.

மீதியை ஊட்ல பேசிக்கலாம் கண்ணு என்று தீபக் மெதுவாகச் சொன்னான். பாலகோபால் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

தேசியப் போட்டிக்கு அவர் யார் பெயரை எழுதினார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள். எந்த இடத்தில் தப்பு, யார் முடிவு, எல்லாம் உங்களுக்குத் தெரியும். பேனாவை உங்களிடம் தருகிறேன், பெயரை நீங்கள் எழுதுங்கள்.

புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதற்கு என்று எழுதாமலே கீழே வைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அப்படி வைத்தாலும் ஒரு பெயர் எழுதப்பட்டுவிடும். யாருடைய பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.