பேசியே காலி செய்கிறவர்

கால்வாய் ஓரத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்ல அவர் அன்று தனியாகத்தான் போனார். நகராட்சியில் அவருக்குப் ‘பஞ்சு சார்’ என்று பெயர். பேச்சு அத்தனை மெத்தென்று இருக்கும். எத்தனையோ குடியிருப்புகளை அகற்றியிருக்கிறார். ஒருவரையும் அதட்டியதுகூட இல்லை. மற்ற அதிகாரிகள் கல்லடி பட்டுத் திரும்பும்போது, “எல்லாம் வாயில இருக்குப்பா” என்பார். வீட்டில் மகளிடம் இதைச் சொல்லும்போது குரலில் பெருமை ஏறிவிடும். அன்று போலீஸ் வண்டி அமைச்சர் கூட்டத்துக்குப் போய்விட்டது. “பரவாயில்ல, நான் பேசிக்கிறேன்” என்று கிளம்பிவிட்டார்.

பேசினார். வெள்ளம் வந்தால் என்ன ஆகும், பிள்ளைகள் படிப்பு, ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் புது வீடு என்று எல்லாவற்றையும் சொன்னார். எல்லாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வெல்டிங் பட்டறைக்காரன் மட்டும், “வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க சார்” என்றான்.

வாசலில் மேஜை போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “வண்டி வரலையா சார்?” என்றாள்.

“எந்த வண்டிம்மா?”

“உங்க பின்னாடி எப்பவும் நிக்குமே. எங்க அக்கா வீட்டை எடுத்தப்பகூட நின்னுச்சே.”

“உங்க அக்கா நான் பேசித்தானேம்மா போனாங்க?”

“நீங்க பேசினது காதுல விழுந்துச்சு சார். கண்ணு வண்டி மேலதான இருந்துச்சு.”

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் யாரோ சிரித்தார்கள்.

தெருமுனை வரை நடந்து வந்தார். முடியவில்லை என்று ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷப் பேச்சும் ஒரு வண்டிக்கு முன்னால் நின்று பேசியதுதானா என்ற நினைப்பு உறுத்தியது. அதைவிட அந்தச் சிரிப்பு. போனை எடுத்தார். “வண்டியை அனுப்புங்க” என்றார். அப்போதும் குரல் மெத்தென்றுதான் இருந்தது.

சாயங்காலம் வண்டி வந்தது. “ஒரே ஒரு நாள் டயம் குடுங்கய்யா” என்று குறுக்கே வந்த பட்டறைக்காரனின் முழங்கையில் விழுந்த லத்தியடி, பச்சை மரக்கிளை முறிவதுபோல் கேட்டது. அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தெரு முழுக்கப் பாத்திரங்கள் உருளும் சத்தம். அவர் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை.

துணி தேய்ப்பவள் தன் மேஜையை ஒற்றை ஆளாய் இழுத்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கால் சாக்கடைக் கல்லில் மாட்டிக்கொண்டது. மறுமுனையைத் தூக்கிவிடலாம் என்று அவர் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார்.

அவள் மேஜையை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் மடக்கிக்கொண்டு தரையில் குந்திவிட்டாள்.